யார் அளவுக்கு அடித்த வாள்?

நேற்று மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருபது முகப் பகடை ஒன்று உருண்டுவந்து என் காப்பி டம்ளரில் முட்டி நின்றது. கையில் எடுத்தேன். உடனே டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸ், கூலரில் நனைந்த வெட்டிவேர் வாசனை, தரையில் சம்மணமிட்டு என் சிநேகிதி நீ. கூடவே அந்தக் கோபம். நீ செத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது, கோபம் மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டுச் சுந்தரின் அப்பா வெளிநாட்டுத் தூதரக வேலை முடிந்து திரும்பியபோது கொண்டுவந்த ஆட்டம் அது. சுந்தர் கதை சொல்ல, நாம் ஆளுக்கொரு வீரராகிப் பகடை உருட்டிச் சண்டை போடுவோம். பள்ளிக்கூட அசெம்பிளி வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிறுத்தப்பட்ட நீ, வேண்டுமென்றேதான் குள்ள இனத்து வீராங்கனையை எடுத்தாய். நீள வாளும் கேடயமும் கேட்டாய். சுந்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினான்.

“குள்ளமானவங்க நீள வாளை ரெண்டு கையாலதான் பிடிக்கணுமாம். அப்போ கேடயம் கிடையாது.”

“அவங்க ஊருக் கொல்லன் யாரு அளவுக்குடே வாள் அடிக்கான்? ஒன் அளவுக்கா?” உங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழ், கோபம் வந்தால்தான் உனக்கு முழுசாக வரும்.

“அச்சா, நல்ல கேள்விதான். ஆனா ரூல்னா ரூல்.”

கேடயம் இல்லாமலேயே குகைக்குள் போனாய். முதல் சண்டையிலேயே உன் வீராங்கனை செத்துப்போனாள். பகடையைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தாய். அப்புறம் ஆட வரவேயில்லை.

சரி, அது விளையாட்டு. உன் ஆபீஸ்? கிளார்க்காகச் சேர்ந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் உனக்குக் கால் தரையில் எட்டாது. சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிவிடும். தாழ்வான நாற்காலி கேட்டாய். நாற்காலி பதவியின் கிரேடுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்றார் செக்ஷன் ஆபீசர். பொறுத்துப் பார்த்தாய். ஒருநாள் மதிய இடைவேளையில் பக்கத்துக் கோட்லா கடைத்தெருவிலிருந்து தச்சரைக் கூட்டிவந்து நான்கு கால்களையும் அறுத்துவிட்டாய். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக மெமோ வந்தது. நாற்காலி இப்போதுதான் உட்காரத் தகுந்த நிலையில் உள்ளது என்று பதில் எழுதிக் கொடுத்தாய். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்கள் சிரிக்கவில்லை. அதைத் தூக்கி ஸ்டோரில் போட்டுவிட்டு, பழையபடி உயரமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரிடயர் ஆகும்வரை காலி எண்ணெய் டின்மேல் கால் வைத்து வேலை பார்த்தாய். உன் கால்களைவிட அந்த மரக்கால்கள் அவர்களுக்கு உசத்தியாகப் போய்விட்டன.

நேற்று என் மகளும் குள்ள வீராங்கனையைத்தான் எடுத்திருந்தாள். புதுப் புத்தகத்திலும், பெரிய ஆயுதம் எடுத்தால் குள்ளர்களுக்குக் குறி தவறும் என்று போட்டிருக்கிறார்களாம். கதை சொன்ன பையன், அவளோடு வேலை பார்ப்பவன், அதைப் படித்துக் காட்டினான். டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்தேன். உன் கேள்வியை உன் தமிழிலேயே கேட்டேன். மகள் அவனுக்கு இந்தியில் சொன்னாள்.

கொஞ்சம் யோசித்தான். “டீக் ஹை, ஆன்ட்டி,” என்று ஒத்துக்கொண்டான். அவள் அளவுக்கு அடித்த வாள் கொடுத்தான், கூடவே கேடயமும்.

அவ்வளவுதான். எல்லோரும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. இனி கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் நான் கேட்பேன். நீ கேட்டபோதும் யாராவது இப்படிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.