உடனே வாங்க

4 மார்ச் 2006, ஃபஹாஹீல், குவைத்
காலையில் டியூட்டி மாறும்போது இன்சார்ஜ் பிரபாவதி சிஸ்டர் எல்லோர் முன்பும் சொன்னார்: "ஜெபராணி, நீ கதை சொல்ற. எனக்கு ரிப்போர்ட் வேணும்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறாம் கட்டில் நோயாளிக்குக் காய்ச்சல் என்று சொல்ல, அவருடைய மகள் பார்க்க வந்ததிலிருந்து ஆரம்பித்திருந்தேன். ஊருக்குப் போன் செய்தால் என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார்: "காரியத்தச் சொல்லு பிள்ள."

நேராகச் சொன்னால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். முதலில் மன்னிப்பு, பிறகு முன்கதை, கடைசியில்தான் விஷயம். அதற்குள் கேட்கிறவர் நகர்ந்துவிடுகிறார்.

7 மார்ச்
கண்ணாடி முன் நின்று பழகினேன். யார், என்ன ஆயிற்று, என்ன வேண்டும். மூன்றே வரி. கண்ணாடியிடம் நன்றாகத்தான் வருகிறது.

12 மார்ச்
எட்டாம் கட்டிலில் கார்மேகம் என்று ஒருவர். முதுகுளத்தூர்ப் பக்கம். சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருக்கிறது. மனைவி பஞ்சவர்ணத்திடம் சொல்லவில்லையாம். "காச்சல்னு சொல்லிருக்கேன் சிஸ்டர். பயந்துருவா."

15 மார்ச்
கார்மேகம் இறந்துவிட்டார்.

16 மார்ச்
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மதியம் மூன்று மணி. "சிஸ்டர், மூச்சு முட்டுது" என்றார். நாடி நூற்று முப்பது. உதடு நீலம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்று பார்த்ததுமே தோன்றியது. ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

"சாரி டாக்டர், பிஸியா இருப்பீங்க, எட்டாம் பெட், காலையிலயே சரியா சாப்பிடல, இப்ப கொஞ்சம் அசௌகரியமா இருக்குன்னு…"

"ஓ.பி.யில கூட்டம் நிக்குது சிஸ்டர். முடிச்சிட்டு வரேன்."

"ஓகே டாக்டர்" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் சாரியில்தான் தொடங்கினேன். அவர் வந்தபோது மூன்றே முக்கால். கார்மேகத்தின் கை என் கைக்குள் ஆறிக்கொண்டிருந்தது.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: எதுக்கு ஓகே சொன்ன? உடனே வாங்கன்னு ரெண்டு வார்த்த — அது கூடவா வரல்ல உனக்கு?

17 மார்ச்
கம்பெனி ஆளுக்குத் தமிழ் தெரியாது. பஞ்சவர்ணத்திடம் போனில் நான்தான் சொன்னேன். இழுக்காமல் சொன்னேன். அவள் கேட்டாள்: "டாக்டரு பக்கத்துல இருந்தாகளாக்கா?"

"இருந்தாரு. முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்."

தடங்கலே இல்லாமல் வந்தது. இத்தனை தெளிவாக நான் யாரிடமும் பேசியதில்லை.

21 மார்ச்
விசாரணை. "அவசரம் என்று இவர் சொல்லவில்லை" என்றார் டாக்டர். உண்மைதானே. எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

2 ஏப்ரல்
எட்டாம் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

30 ஏப்ரல்
"இப்ப நீ நல்லா சொல்ற" என்று பிரபாவதி சிஸ்டர் பாராட்டினார். ஊரில் மகள் சுபிஷா போனில் அழுகிறாள்: "அம்மா, எங்கூட கோவமா? ரெண்டு வார்த்தையில வச்சிடுதீங்க." கோபமில்லை. வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

9 ஜூன்
வெள்ளி, லீவு. கோயில் ஆராதனையிலிருந்து திரும்பியதும் பஞ்சவர்ணம் போனில் கூப்பிட்டாள். "அக்கா, கடைசியில என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க. நீங்க எம்புட்டு நேரம் பேசினாலும் கேக்குறேன்."

சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. சாரி சொன்னது, ஓகே சொன்னது, டாக்டர் பக்கத்தில் இல்லாதது.

"அப்ப, நீங்க வெரசா வாங்கன்னு சொல்லிருந்தா அவுக பொழச்சிருப்பாகளா?"

"பொழச்சிருக்கலாம்."

அவள் வைக்கவில்லை. அவள் வீட்டில் யாரோ, "போன்ல யாரு?" என்று கேட்டார்கள்.

"யாருமில்ல" என்றாள். பிறகுதான் வைத்தாள்.