விதிகள் ஒரு பக்கம் போதும்

வியாழன், ஆவணி 5

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்காக நானும் தினேஷும் சிறு பத்திரிகை நடத்துகிறோம். இன்று சாலவாக்கத்து வாசகி செல்வி போன் செய்தாள். கம்பெனி பஸ்ஸில் தோழிகளோடு ஆடுகிறவள்.

"விதி எயுதின பக்கத்த யாரும் படிக்கலக்கா. போன புக்குல ஏரி மேப்போட ஒரு கதை போட்டீங்களே, அத வெச்சிக்கினு அன்னிக்கே ஆடிட்டோம். அந்த மாதிரி குடுங்க."

தினேஷிடம் சொன்னேன்.

"பஸ்ல ஆடறவங்களுக்கா நாம புக்கு போடறோம்? விதிய கொறச்சா எம்பேர எடுத்துடு" என்றான்.

எடுத்துவிட்டேன். அடுத்த இதழில் விதிகள் ஒரே பக்கம்தான். மீதியெல்லாம் படித்த அன்றே ஆடக்கூடிய கதைகள். தனியாகச் செய்யப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் கதையைச் செல்வியையே எழுதச் சொன்னேன்.

"நானாக்கா?"

"நீதான்."