விஸ்வநத்தம் படத்தின் கடைசி ஷாட்

செப்டம்பர் 4, 2006. திங்கள்

காலையிலேயே வெயில். காதுகுத்து கேசட்டுக்குப் பாட்டுச் சேர்க்க வேண்டும். மனமில்லை.

மதுரை திரைப்படச் சங்கத்திலிருந்து போன். குறும்படத்தை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டுமாம். என் கையில் இருப்பது பாதிப் படம்.

போன வருடம் அங்கேதான் அந்தப் பழைய ஜப்பான் படங்களைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. கேமராவும் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டு, தரையில் உட்கார்ந்திருப்பவர்களை அசையாமல் பார்க்கிறது. வங்காளத்திலும் ஈரானிலும் எத்தனையோ பேர் இந்த ஜப்பான் படங்களைப் பார்த்துத்தான் தொழில் கற்றார்களாம். அமெரிக்காவில் குதிரையும் துப்பாக்கியுமாகப் படம் எடுத்தவர்கள்கூட. பேச வந்த பேராசிரியர் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிவகாசியில் பாதிப் பேர் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள். அந்த உயரத்தில் நான் ஒருநாளும் கேமராவை வைத்ததில்லை.

இந்தப் படத்தை முடிக்காவிட்டால் தாலி கட்டுவதைப் படம் பிடித்தே செத்துப்போவேன். என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

செப்டம்பர் 7. வியாழன்

மேகமூட்டம். இடுப்பு வலி.

விஸ்வநத்தத்தில் முத்துலட்சுமி வீட்டில் மறுபடி படப்பிடிப்பு. பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை செய்கிறவள். நடித்துப் பழக்கமில்லை. கதை சின்னது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தாய், அன்று சாயங்காலம் வீட்டில் தனியாக. தரையில் பலகை போட்டுக் கேமராவை அதன்மேல் வைத்தேன். முதுகு காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். துக்கம் முதுகிலேயே தெரிய வேண்டும். அந்தப் படங்களில் தெரிந்தது.

"என்னண்ணே, பொறத்தாலயே எடுக்கீக? பவுடரெல்லாம் போட்டிருக்கேன்."

"கடைசி ஷாட்ல திரும்பணும்மா. வெளிய மழை பெய்யணும். அப்பத்தான் முகம்."

"மளையா! நல்லாக் கேட்டீக போங்க. மளை பெஞ்சா எங்களுக்கு ஏது வேலை?"

அவள் கணவர் கணேசன் வாசலில் நின்று சிரித்தார். லோடு வேன் ஓட்டுகிறவர்.

மழைக்காக ஜெபித்தேன். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10. ஞாயிறு

விருதுநகரில் கல்யாணம். பருப்பு வியாபாரி வீடு. மாலை மாற்றும்போது வந்தது மழை. மண்டபத்துத் தகரத்தில் அப்படி ஒரு சத்தம். இங்கே இப்படிப் பெய்தால் விஸ்வநத்தத்திலும் பெய்யும். வேலை இருக்காது, முத்துலட்சுமி வீட்டில்தான் இருப்பாள். கேமரா என் தோளில், நான் இங்கே.

பெண்ணின் அப்பா: "எங்கய்யா பாக்க? மாப்பிள்ளையைப் புடி!"

ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடவில்லை. மதியம் பந்தி எடுக்கும்போது வெயில் வந்துவிட்டது.

செப்டம்பர் 14. வியாழன்

மழை இல்லை. திங்கள்கிழமையே கணேசன் சொல்லிவிட்டார்: "தீவாளி ஆர்டர் தேங்கிக் கெடக்கு அண்ணாச்சி. இனி அவளுக்கு லீவு கெடைக்காது."

மத்தியானம் என் வீடியோ கடையில் இருந்தேன். ஷட்டர் அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "எந்தப் பக்கம்?" "நாரணாபுரமா?" "இல்லலே, விஸ்வநத்தம். பொகையைப் பாரு."

சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் ஸ்டெல்லா போன். "ஆஸ்பத்திரிக்கு வந்திருங்க. அங்க போகாதீங்க." குரலிலேயே தெரிந்துவிட்டது.

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 15. வெள்ளி

முத்துலட்சுமியின் அடக்கம் முடிந்தது. முகத்தை மூடியே கொண்டுவந்தார்கள். மகளையும் பார்க்க விடவில்லை. நிஜத்தில் அவளுக்கும் ஒரு மகள். ஒன்பதாம் வகுப்பு. இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கணேசன் கடைக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ வேண்டும். கல்யாண போட்டோ ஒழுகலில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. வாக்காளர் அட்டையில் வெறும் கறுப்பு.

"உங்க கேசட்டுல இருப்பால்லா?"

போட்டேன். முதுகு. கை. கீரை. மறுபடி முதுகு. எல்லா டேப்பையும் ஓட்டினேன். எவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறேன்! ஓர் இடத்தில்கூடக் கன்னம் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இதுல ஒரு தடவையாச்சும் திரும்புவாளா?"

இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

கேமரா வைத்த பலகையை அடுப்பில் போட்டேன். ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றாள்.

செப்டம்பர் 18. திங்கள்

புழுக்கம். கடையைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கணேசன் வந்து நின்றார். பின்னால் மகள், முத்துலட்சுமியோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள். அன்றைக்கு வேறு ஷெட்டில் இருந்ததால் தப்பியவர்கள். ஒருத்திக்குக் கையில் கட்டு.

"இவுக பாக்கணுமாம்."

"அதுல முகம் இல்லயே கணேசன்."

"தெரியும். போடுங்க."

நாற்காலி எடுத்துப்போட்டேன். வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வெட்டாத டேப். கல்யாணக் கேசட்டில் இவ்வளவு நேரம் ஒரே ஷாட்டை விட்டால் திட்டுவார்கள். கட்டுப்போட்ட பெண்தான் முதலில் பேசினாள்:

"காம்போடயே போடுதா பாரு. எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டா."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றாள் மகள். "நாந்தான் மறுபடி ஆயணும்."

சிரித்தார்கள். கணேசனும். பிறகு கட்டுப்போட்ட பெண் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

டேப் முடிந்து திரை நீலமானது. எவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க அண்ணாச்சி" என்றார் கணேசன்.

போட்டேன்.