ஜெபப்பெட்டியும் கேஸ் கட்டும்

4 மார்ச் 2001, ஞாயிறு

பிரசங்கம் இன்றும் நீண்டுவிட்டது. "வாரம் பூரா கோர்ட்டுல பேசுறது போதாதா?" என்று பெனிஷா கிண்டல் செய்தாள். வார நாளில் வக்கீல், ஞாயிறில் போதகன்; மனைவிக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அங்கி மங்கியிருக்கிறது, சலவைக்குப் போடவேண்டும்.

முடிவில் வழக்கம்போல ஜெபப்பெட்டியைத் திறந்தேன். பெயர் போடாத சீட்டுகள். வாசித்து, ஜெபித்து, அன்றே எரித்துவிடுவேன். சபைக்கு நான் கொடுத்த வாக்கு அது. பரீட்சை, கல்யாணம், மகனின் குடி. நடுவில் ஒன்று: 'சாகிறவன் தண்ணீர் கேட்டான். மேலதிகாரிக்குப் பயந்து நான் கொடுக்கவில்லை.' எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

எரிக்கப் போனவன் நின்றுவிட்டேன். இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். போலீஸ் காவலில் இறந்த டில்லிபாபுவுக்காக நான் நடத்தும் வழக்கின் கட்டில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் குறிப்பு எழுதும் ரைட்டர் தவசிமுத்து. நம் சபைக்காரர், மூன்றாவது பெஞ்சு.

5 மார்ச்

சீட்டு இப்போது கேஸ் கட்டுக்குள் இருக்கிறது. யார் வைத்தது? நான்தான்.

8 மார்ச்

பச்சையம்மா வியாசர்பாடியிலிருந்து வந்திருந்தார். கணவர் டில்லிபாபு சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றியவர். திருட்டுச் சந்தேகம் என்று போலீசார் கூட்டிப்போனார்கள். மறுநாள் பிணமாகக் கொடுத்தார்கள். வலிப்பு வந்து செத்தார் என்று ஸ்டேஷன் குறிப்பு. நம் பக்கம் ஒரு சாட்சியும் இல்லை.

"நஷ்ட ஈடு எனுக்கு இன்னாத்துக்கு ஐயா? அவுருக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததே கெடையாது. அந்தப் பொய்ய குறிப்புலேர்ந்து அடிக்கச் சொல்லு, போதும்."

கட்டு என் மடியில்தான் இருந்தது. திறக்கவில்லை.

11 மார்ச், ஞாயிறு

சீட்டு யாருடையது என்று சொல்லாமல் பெனிஷாவிடம் யோசனை கேட்டேன். "அத கோர்ட்டுல காட்டிட்டா, அப்புறம் எவன் உங்ககிட்ட மனசத் திறப்பான்?" என்றாள்.

எரித்தேன். போதகனாக நிம்மதி. வக்கீலாக அவமானம்.

16 மார்ச்

காவலில் மரணம் என்பதால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. விசாரணை. தவசிமுத்து தன் குறிப்பை அப்படியே ஒப்பித்தார்: வலிப்பு, ஆஸ்பத்திரி, மரணம். பச்சையம்மா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். கேள்வி ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். எழுந்தேன். என்ன கேட்பது என்று முடிவு செய்திருக்கவில்லை — சத்தியமாக இல்லை.

"டில்லிபாபு தண்ணி கேட்டாரா?"

கேட்டுட்டேனே. ஐயோ, கேட்டுட்டேன்.

தவசிமுத்து என்னையே பார்த்தார். கையிலிருந்த குறிப்பை மடித்து வைத்தார். "கேட்டாரு" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார் — யார் அடித்தது, எதனால் அடித்தது என்பது வரை.

நான் எரித்தது காகிதத்தை மட்டும்தானா?

20 ஏப்ரல்

அறிக்கை வந்துவிட்டது. வலிப்பு இல்லை, அடிபட்டதால் மரணம். பச்சையம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்ப நைனா" என்று அழுதார். சந்தோஷம்தான். ஆனாலும் கையை எப்போது விடுவார் என்று இருந்தது.

தவசிமுத்துவையும் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

6 மே, ஞாயிறு

விசாரணைக்குப் பிறகு தவசிமுத்து கோயிலுக்கு வரவில்லை. இன்று ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க கேட்டது சரிதான் ஐயா. நானா சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றார். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. "ஒரு உதவி வேணும். எனக்காக ஜெபிக்க வேற போதகர் யாராவது தெரியுமா?"

கோபமே இல்லாமல் கேட்டார். ராயபுரத்தில் ஒருவருடைய விலாசம் எழுதிக் கொடுத்தேன்.