பச்சை வட்டத்தை எங்கே தேடுவேன்?

இராஜபாளையம்
3.6.2025

அருமை ஷெரினுக்கு,

ஏட்டி, பால்கோவா வாங்கி வை! எங்கள் கம்பெனி உங்கள் மில்லுக்குச் செய்துகொடுத்த வருகைப்பதிவுச் செயலி திங்கட்கிழமை முதல் பேசப்போகிறது. உங்கள் பேண்டேஜ் மில்லில் தினமும் கூட வேலை பார்க்கிற கல்பனாதான் உன் செல்லை வாங்கிப் பதிந்துகொடுக்கிறாள் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்வையில்லாதவர்களுக்குச் செயலியில் என்னென்ன வேண்டும் என்று நானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். திரையில் இருக்கிற அம்புட்டையும் அது வாசிக்கும். இனி யார் தயவும் உனக்கு வேண்டாம்.

தரையில் கால் பாவாத
ஃபாயிஸா

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.6.2025

ஃபாயிஸா செல்லமே,

பேசியது, நன்றாகவே பேசியது. 'முகத்தைப் பச்சை வட்டத்துக்குள் வையுங்கள்' என்றது. பச்சை வட்டத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்? செல்லை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் பேச்சிமுத்து அண்ணன், "என்ன தாயி, டவர் கிடைக்கலையா?" என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நேற்று கல்பனா லீவு. நாள் முழுக்க ஆர்டர் போன் எடுத்தும் எனக்கு ஆப்சென்ட். இந்த மாதம் வருகை சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்று உனக்குத் தெரியும். உன்மேல் கோபமாக இருக்கிறேன். சீக்கிரம் ஏதாவது செய்.

ஷெரின்

இராஜபாளையம்
12.6.2025

என் ஷெரின்,

சோறு இறங்கவில்லையடி. நீ எழுதியதை மீட்டிங்கில் சத்தமாக வாசித்தேன். மேனேஜர் ஞானதுரை சார், "ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் மாத்தணுமாம்மா?" என்றார். "அந்த ஒரு ஆளுக்கு வேலை போயிரும், சார்" என்றேன். நோட்டை என் பக்கம் தள்ளி, "எழுதும்மா" என்றார்.

எழுதிவிட்டேன்: முகம் காட்டாமல் விரல் ரேகையாலும் பதிய முடிய வேண்டும். பதிந்ததும் பெயர் சொல்ல வேண்டும். ஷெரின் சரி என்று சொன்ன பிறகே வெளியிட வேண்டும். கடைசி வரிக்கு அடியில் சந்தோஷத்தில் இரண்டு கோடு போட்டேன். ஒன்பதாம் தேதி தவறு எங்களுடையது என்று உங்கள் ஆபீசுக்கும் சார் கடிதம் போட்டுவிட்டார்.

ஃபாயிஸா

ஸ்ரீவில்லிபுத்தூர்
1.7.2025

ஏட்டி ஃபாயிஸா!

வேலை நிரந்தரம்! உத்தரவு கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே ஆர்ப்பாட்டம், அப்பா தெருவுக்கே டீ வாங்கிக்கொடுக்கிறார்.

நான் சரி சொன்ன செயலி இன்று வெளியாகிவிட்டது. காலையில் விரலை வைத்ததும், 'ஷெரின், உங்கள் வருகை பதிவாகிவிட்டது' என்றது. ஆசை தீராமல் மறுபடியும் வைத்தேன். 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று சொல்லிவிட்டது, உன்னைப் போலவே அதற்கும் பொறுமை இல்லை.

கல்பனா கேட்டில் முனகிக்கொண்டு நின்றாள். "வெயிலுக்கு வட்டமே தெரிய மாட்டேங்குக்கா, லேட்டாகுது."

"செல்லை இப்படிக் குடு" என்று வாங்கினேன். அவள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். அவள் பெயரைச் சொன்னது.

உன் ஷெரின்