சாம்பல் மெசினின் இரண்டாவது இருக்கை

சீசா, பலெர்மோ
12.03.1997

அன்பு மகன் பிறின்சுக்கும் மருமகள் கேசிகாவுக்கும்,

அம்மா எழுதிக்கொள்வது. மடு மாதாவின் காவலில் நானும் உன் அக்கா அமலினியும் அவளுடைய பிள்ளைகளும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, அதை ஒரு வருத்தம் என்று சொல்ல ஏலாது. அந்த இங்கிலாந்துக் குளிருக்குள் நீங்கள் இருவரும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று செபமாலையில் உங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கித்தான் வைத்திருக்கிறேன். தை மாதம் நீ போட்ட கடிதமும் படமும் கிடைத்தன. எனக்கென்று ஒழுங்கு செய்த அறையையும், கட்டிலையும், மஞ்சள் பூப்போட்ட விரிப்பையும் பார்த்தேன். படத்தின் பின்பக்கம் கேசிகா "மாமி, எப்ப வாறியள்?" என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அமலினி ஒவ்வொரு ஞாயிறும் "அம்மா, ஓம் எண்டாவது இல்லை எண்டாவது எழுதுங்கோ, அவன் பாவம் பாத்துக்கொண்டு இருப்பான்" என்று சொல்லுவாள். நானும் வதிவிட அனுமதி பெர்மெசோ புதுப்பிக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஆளில்லை, வேலை வீட்டுச் சிஞ்ஞோரா விடமாட்டா என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னேன். உண்மையான காரணம் உனக்கும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் நீ பதிவுக் கல்யாணம் முடித்தது எனக்குக் கோபம், கோயிலில் கைபிடித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளையின் கல்யாணத்தைத் தொலைபேசியில் கேட்டறிந்த தாய்க்கு வேறென்ன வரும். இன்றைக்கு உன் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சியாகுல்லியில் நடந்த உழவு மெசின் கதையைச் சொல்லாமல் அந்தப் பதில் எழுத வராது, ஆனபடியால் பொறுமையாக வாசி.

நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோராவின் கணவர், அந்த மருந்துக்கடைக்காரர், போன வருடம் கடைசியில் காலமானதை முதலே எழுதியிருந்தேன். அவருக்கு நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறது, அதற்குள் பெரிய தகரக் கொட்டகை ஒன்று. அதற்குள்ளே என்ன இருந்ததென்று நினைக்கிறாய். நாலு உழவு மெசின்கள், நாலும் இங்கிலாந்தில் செய்த பழைய சின்ன மெசின்கள். மனிசன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேரே அங்கேதான் போவாராம், இருட்டினபிறகு எண்ணெய் மணத்தோடு திரும்பி வருவாராம். சிஞ்ஞோரா ஒருநாளும் கூடப் போனதில்லை. அந்த நாலும் தன்னுடைய சக்களத்திகள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறா. இப்போது வடக்கே பொலோஞ்ஞா பக்கத்தால் ஒரு வியாபாரி வந்து பார்த்து, பாஸ்கா, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டான். சிஞ்ஞோராவும் சரி என்றா. பிறகு யோசித்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்திருப்போம், இல்லாவிட்டால் இந்த மனிசன் கனவில் வந்து சண்டை பிடிப்பார் என்றா. எதை வைத்திருப்பது என்று கேட்டால் அவருக்கு எது கூடப் பிடிக்குமோ அதை என்கிறா, எது பிடிக்கும் என்று கேட்டால் எனக்கெப்படித் தெரியும் என்று என்னையே திருப்பிக் கேட்கிறா. இத்தனை வருடம் ஒன்றாக இருந்தவவுக்கே தெரியாது. எனக்கு அதைக் கேட்டதிலிருந்து மண்டைக்குள் புழுக் குடைந்த மாதிரி இருந்தது. தூசு தட்டுகிற சாட்டோடு சனிக்கிழமைகளில் நானும் அவவோடு போகத் தொடங்கினேன்.

மகன், இந்த மெசின்களை நீ பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கண்ட பெரிய மசி பேர்குசன் மாதிரி இல்லை, வளர்ந்த மாட்டுக்குப் பக்கத்தில் கன்று நிற்கிற மாதிரித்தான். ஒன்று சிவப்பு, டேவிட் பிறவுண், அதற்கு இயந்திரம் பின்னுக்கு இருக்கிறது, முன்னுக்கு வெறும் குழாயும் சில்லும்தான், ஓட்டுகிறவர் தனக்கு முன்னாலே மண் கிளறுகிறதைப் பார்த்துக்கொண்டே போகலாமாம். இன்னொன்றுக்குச் சில்லே இல்லை, யுத்த தாங்கி மாதிரிச் சங்கிலியில் ஊரும், ஆனால் அது எங்கள் சாப்பாட்டு மேசையை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதை முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, யுத்தத்துக்கு ஓடித் தப்பி வந்த எனக்குச் சங்கிலிச் சில்லைப் பார்த்துச் சிரிப்பு வரும் என்று யார் நினைத்தது. மூன்றாவது நீல நிறப் போட்சன். நாலாவது சாம்பல் நிறம், பேர்குசன், அதுதான் எல்லாவற்றிலும் வடிவு குறைந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு தகட்டைத் துடைக்கும்போது எழுத்துக் கூட்டினேன், உனக்குப் போடும் கடித உறையில் நான் பார்த்து எழுதுகிற அதே எழுத்துகள், கொவென்றி. உன்னுடைய ஊரில் செய்த மெசின், மகன். நீ வேலை செய்கிற பெற்றோல் செற்றுக்குப் பக்கத்திலா அந்தத் தொழிற்சாலை, இன்னும் இருக்கிறதா, விசாரித்து எழுது.

தோட்டத்துக் காவல்காரன் சாரோவிடம் கேள்வி கேட்டே அவனைக் களைக்க வைத்துவிட்டேன். அவன் பேசுகிற சிசிலியன் எனக்குப் பாதிதான் விளங்கும், மீதியைக் கையால் சொல்லுவான். இரும்பு இருக்கையில் ஏன் இவ்வளவு ஓட்டை என்றேன், மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்கவாம். சாம்பல் மெசினைத் தொடக்கத் திறப்பு எங்கே என்றேன், கியர்த் தடியைத்தான் ஒரு பக்கம் தள்ள வேண்டும், தள்ளினால் இயந்திரம் பிடிக்கும். இதையும் கேள், சில மெசின்களைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். ஊரில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபிறகு எங்கள் பொடியள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் இவ்வளவு காலமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். வெள்ளைக்காரன் அதற்கு முதலே செய்திருக்கிறான்.

இனித்தான் நான் விட்ட பிழை. எது அவருக்குப் பிடித்தது என்று கண்டுபிடிக்க நான் எதைப் பார்த்தேன் தெரியுமா, பின்சில்லுக்கு மேலே மூடியிருக்கிற மட்காட்டை. எங்கள் பக்கத்தில் உழவு மெசினில் ஓட்டுகிறவர் மட்டும் போய் யார் கண்டது. பின்னுக்குக் கொழுவின பெட்டிக்குள் ஊரே இருக்கும், மட்காட்டில் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர், மடுத் திருவிழாவுக்கு அப்படித்தானே போனோம், நீயும் என் மடியில் இருந்துதான் வந்தாய். ஆனபடியால் எந்த மட்காட்டில் நிறம் கூடத் தேய்ந்திருக்கிறதோ அதில்தான் மனிசன் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆசையாய்த் திரிந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். நீலப் போட்சனின் வலது மட்காட் வெள்ளி மாதிரி மினுங்கியது. சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு போய், இதுதான், பாருங்கள், இதில் யாரோ நெடுகிலும் இருந்து போயிருக்கினம் என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். சிஞ்ஞோராவின் முகம் கறுத்துவிட்டது. யார் இருந்தது என்று கேட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே யார் வந்தது, யாரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு திரிந்தார், உனக்கு யார் சொன்னது என்று அடுக்கிக்கொண்டே போனா. இத்தாலியில் மட்காட்டில் ஒருவரும் இருப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்த மனிசனுக்கு நான் ஒரு வைப்பாட்டியை உண்டாக்கிவிட்டேன். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் அவ என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, சுவரில் இருந்த அவருடைய படத்தையும் கழற்றி வைத்துவிட்டா. அமலினி "உங்களுக்கேன் அம்மா இந்த வேலை, தூசு தட்டினமா வந்தமா எண்டு இருக்கேலாதே" என்று ஏசினாள்.

போன சனிக்கிழமை போனதும் முதல் வேலையாகச் சாரோவைப் பிடித்தேன். நீலத்தின் மட்காட்டைத் தேய்த்தது யார் என்று கேட்டேன். இங்கிலாந்தால் வந்து இறங்கும்போதே அது அப்படித்தான், முதல் வைத்திருந்த கமக்காரனின் நாய் அதில் இருந்து போகுமாம் என்றான். நாய், மகன். உங்கள் ஊர் நாய்கள் மட்காட்டில் சவாரி போகுமா, அதையும் விசாரித்து எழுது. மனம் கொஞ்சம் ஆறிச் சுற்றிப் பார்த்தபோது சாம்பல் மெசினின் இடது மட்காட்டில் பிளாஸ்ரிக் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பொதி. சுத்தியல், குறடு வைக்கிற பெட்டி என்று நினைத்து நான் அதை அவிழ்த்ததே இல்லை. அன்றைக்கு அவிழ்த்தேன். ஒரு சின்ன இருக்கை. முதுகு சாய்க்க ஒரு மரப்பலகை, பிடிக்க வளைந்த கம்பி, கால் வைத்து ஏறக் கீழே ஒரு சின்னப் படி, எங்கள் சிஞ்ஞோரா மாதிரிக் கட்டையான பெண்ணுக்கு அளவான உயரத்தில். இருக்கையின் மெத்தைக்கு நீலத் திராட்சைப் படம் போட்ட துணி. அந்தத் துணியை எனக்குத் தெரியும், சிஞ்ஞோராவின் குசினி யன்னலில் தொங்குகிற திரைச்சீலை அது, அதைத் தோய்ப்பவளே நான்தான். அங்கே வெளிறித் திராட்சை எது இலை எது என்று தெரியாது. இங்கே இருந்ததோ கடையில் வெட்டி வாங்கின அன்றைக்கு இருந்த நிறத்தில் அப்படியே இருந்தது. ஒருவரும் ஒருநாளும் அதில் இருக்கவில்லை.

சாரோவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றேன், ஒருவரும் கேட்கவில்லையே என்கிறான். அந்த இருக்கையைச் செய்து முடித்துவிட்டு ஐயா சிஞ்ஞோராவை வரச்சொல்லிச் சொல்லி அனுப்பினாராம். அவ தோட்டத்து வாசல் வரைக்கும் வந்து, புகையையும் சேற்றையும் கண்டுவிட்டு, வெள்ளைச் சப்பாத்தோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாவாம். அவர் பிறகு கேட்கவில்லை, அவருக்கும் ரோசம். ஆனால் ஒவ்வொரு வருடமும் மண்டரின் பழுக்கிற காலத்தில் தானே பழைய பிளாஸ்ரிக்கைக் கழற்றி, மெத்தையைத் தட்டி, புதுசு சுற்றிக் கட்டுவாராம்.

மரத்தடியில் என்னைப் பார்க்காத மாதிரி மண்டரின் உரித்துக்கொண்டிருந்த சிஞ்ஞோராவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவ மெத்தையைக் கண்டதும் நின்றுவிட்டா. திரைச்சீலை தைத்தபோது மிஞ்சின துண்டை அவர் கேட்டாராம், எண்ணெய் துடைக்கத்தான் கேட்கிறார் என்று ஏசி ஏசிக் கொடுத்தாவாம். அதைச் சொல்லிவிட்டு அந்தத் துணியைத் தடவிக்கொண்டே நின்றா. பிறகு சாரோவைப் பார்த்து, இது ஓடுமா என்று கேட்டா. படியில் கால் வைத்து ஏறி இருந்தா. சாரோ கியர்த் தடியைத் தள்ள மெசின் ஒரு தும்மல் தும்மிவிட்டுப் பிடித்தது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, நானாகவே மற்ற மட்காட்டில் ஏறிக்கொண்டேன், என் முழங்கால் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. மண்டரின் மரங்களுக்குள்ளாலே ஒரு சுற்றுப் போனோம். சிஞ்ஞோரா வழிமுழுக்க அழுதா, நானும் அழுதேன், சாரோ முன்னுக்குப் பார்த்தபடி ஓட்டினான். இறங்கினபிறகு அந்த மெத்தை உறையைக் கழற்றித் தோய்க்கவா என்று கேட்டேன், கையை வைக்காதே என்றா. சாம்பல் மெசின் நிற்கும், மற்ற மூன்றும் வருகிற கிழமை போகும். அவருடைய படம் திரும்பச் சுவரில் ஏறிவிட்டது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து அலுமாரிக்குள் வைத்த உன் படத்தை எடுத்தேன். கட்டிலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மகன், எனக்கு நல்ல பயம் வந்துவிட்டது. நீ ஸ்பொன்சர் கடிதத்தை எழுதி அனுப்பு, வங்கிக் கடிதமும் வேண்டுமாம், அமலினி என்னை விசாவுக்குக் கூட்டிப்போகிறாள். சிஞ்ஞோராவிடம் கேட்டேன், கோடையில் ஒரு மாதம் போய்வா, நான் சமைத்துச் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டா. கோபம் முழுக்க ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், மீதியை நேரில் வந்து ஏசித் தீர்க்கிறேன். கேசிகாவுக்கு மண்டரின் பிடிக்குமா என்று கேட்டு எழுது, சாரோ ஒரு பெட்டி தருவான், பழமாகக் கொண்டுவர விடாவிட்டால் தோலோடு பாகு காய்ச்சிக் கொண்டுவாறன்.

மடு மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். கேசிகா அவளுடைய பிள்ளையாரிடமும் என் விசாவுக்காக ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும், இரண்டு பக்கத்தாலும் கேட்டால் கெதியாய்க் கிடைக்கும். வேலைக்குப் போகும்போது தொப்பி போட மறக்காதே. கொவென்றித் தொழிற்சாலையையும் நாயையும் விசாரிக்க மறக்காதே. நான் வருகிற வரைக்கும் அந்த மஞ்சள் விரிப்பை மூடிக் கட்டிவைக்க வேண்டாம் என்று கேசிகாவிடம் சொல்லு. களைத்து வந்தால் அவள் அதில் படுக்கட்டும், கால் நீட்டி இருக்க வேண்டுமென்றால் இருக்கட்டும், அது புதுசாக இருக்க வேண்டிய தேவை இல்லை. மாமி வாறா என்று சொல்லு.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா
இ. அற்புதமலர்