மூச்சைப் பிடித்தால் எடை குறையாது

2026 மார்ச் 7, சனிக்கிழமை, காலை 5.50. உன் கடிதமும் படிவமும் கைக்கு வந்து நான்கு நாள், கடிதத்தைப் படித்தது ஆறு தடவை.

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சேலையூரில் நானும் உன் அம்மாவும் சுகம், லூதியானாவில் நீயும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் கடிதத்தைப் படித்தபின் கை வரவில்லை, அதனால் கேட்டுவிடுகிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, குளிர் விட்டதா. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. அவள் பள்ளியில் பரீட்சை நேரம், ஏழாம் வகுப்புப் பேப்பர் கட்டு சாப்பாட்டு மேஜை முழுக்கப் பிடித்துக்கொண்டது, தட்டை மடியில் வைத்துத்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். எதிர்வீட்டுக் காந்திமதி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்க பொண்ணு நர்ஸாகி வந்தா எனக்கு இன்சுலின் போட ஆளாச்சு, நானே குத்திக்க பயமா இருக்கு என்கிறார். செவ்வாய்க்கிழமை உன் கவரைப் பிரித்த கையோடு அவர் எதிரில் வந்து இதையே சொன்னார், சரிக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வருஷத்தோடு படிப்பை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன், காலேஜ் படிவத்தில் 16ஆம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும், அம்மா அழுவாங்க, நீங்கதான் லாஜிக்கா பேசுவீங்க பிரதர் என்று, சபையில் கூப்பிட்ட பழக்கத்திலேயே, எனக்கு எழுதியிருக்கிறாய். நீ நினைத்ததுபோல அம்மா அழவில்லை. இரண்டு நாள் மறைத்துப் பார்த்தேன், வியாழக்கிழமை கண்டுபிடித்துவிட்டாள், முழுக்கப் படித்தாள், இவ எனக்கு எழுதலையே என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பர் திருத்தப் போய்விட்டாள். அதற்கு அழுதிருக்கலாம்.

உங்கள் ஹாஸ்டல் ஜெபக்குழுவை நடத்தும் மெட்டில்டா அக்கா சொன்னதாக நீ எழுதியது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. தன்னைத்தானே வெறுக்காதவர்களுக்கு இரட்சிப்பு நிச்சயமில்லை, எது உனக்கு அதிகம் பிடிக்கிறதோ அதை விடு, யார் நாலு மணிக்கு எழுந்தது, யார் எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்தது என்று தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் போடு. ஒன்றும் செய்யாமல் சிலுவையில் தொங்கின கள்ளன் மோட்சம் போகவில்லையா என்று நீ கேட்டதற்கு, அவனுக்கு டைம் இல்ல, உனக்கு நிறைய இருக்கு என்றாராம். நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன், ஒரு நாள் முழுக்க மறுபதில் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று.

போன திங்கட்கிழமை பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் சர்வீஸ், நானும் ஜமாலும் போயிருந்தோம், உன்னைப் பைக்கில் சானடோரியம் ஸ்டேஷனில் கொண்டுவிட்டாரே, அதே ஜமால். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் பத்துப் பேர் ஏறிவிட்டார்கள், ஓவர்லோட் அலாரம் கத்துகிறது, கதவு மூடவில்லை, ஒருவரும் இறங்கவில்லை. அந்த அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீரங்கன் சார் உள்ளே நின்றுகொண்டு எல்லாரும் மூச்சை இழுத்துப் புடிச்சுக்கோங்க, கிளம்பிடும் என்று நிஜமாகவே சொல்கிறார், சொல்லிவிட்டு அவரும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார். ரம்ஜான் நோன்பில் தொண்டை காய்ந்து என்னோடு வெளியே நின்ற ஜமால், மூச்சைப் புடிச்சா வெயிட்டு கொறையுமா, இன்னா சார் இது பேஜாரு, நானும் காலைலேர்ந்து சாப்புடாம கீறேன், அதுக்காக கயிறுக்கு பாரம் கொறைஞ்சிருமா என்று என் காதில் சொன்னார். அப்புறம் வீட்டு வேலை செய்யும் கங்கம்மா என்ற அம்மாளும் அவர் கூட வந்த இன்னொரு பெண்ணும் இறங்கிப் படியில் ஏறிப் போய்விட்டார்கள், கதவு மூடிற்று, லிஃப்ட் கிளம்பிற்று. நான் ரிப்போர்ட்டில் ஓவர்லோட், சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன். சரிசெய்தது நான் இல்லை.

அதை வைத்து இந்த வாரம் முழுக்க யோசித்தேன். தூக்குவது கயிறு. உள்ளே நிற்கிறவன் பக்தியாக நின்றாலும் பயந்து நின்றாலும் அதுதான் தூக்குகிறது. உங்கள் குழு செய்வது மூச்சைப் பிடிப்பது, பிடித்தோம் என்று குரூப்பில் போடுவது. ஜமால் முப்பது நாளும் நோன்பு இருக்கிறார், எத்தனையாவது நாள் என்று நான் கேட்டால்தான் தெரியும். அதற்காகக் கீழ்ப்படிதல் வேண்டாம், தன்னை வெறுக்க வேண்டாம், கிருபை இருக்கிறது, காலை நீட்டிப் படு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வேதத்தில் இருப்பதை இல்லை என்று உனக்காக நான் சொல்ல முடியாது, அந்த இரண்டு பேர் இறங்காமல் கதவு மூடவும் இல்லை. ஆனால் அவர்கள் நல்ல பேர் வாங்க இறங்கவில்லை, கதவு மூட வேண்டும் என்று இறங்கினார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்குவது எப்போதும் வேலைக்கார அம்மாள்தானா, செக்ரட்டரி ஏன் இறங்கவில்லை என்று நேற்று வீட்டுக்கு வரும் வழியில் கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது தோன்றிற்று, தோன்றினதும் உன் தோடு ஞாபகம் வந்துவிட்டது. இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

உனக்குப் பதின்மூன்று வயது, நான் உன் அம்மாவைக் கட்டி ஒரு வருஷம், எனக்கு இருபத்தேழு. நம் சபையில் நகையைக் கழற்றாமல் ஞானஸ்நானம் கிடையாது. உன் அப்பா காலேப் உனக்குக் காது குத்தும்போது வாங்கின தோடு, அவர் இறந்தபின் நீ கழற்றினதே இல்லை, மாட்டேன் என்றாய். நான் உட்கார்ந்து லாஜிக்காகத்தான் பேசினேன், கீழ்ப்படிந்தால்தான் ஆசீர்வாதம், பிடித்ததைக் கொடுப்பதுதான் காணிக்கை என்று ஒரு மணி நேரம் பேசினேன். கழற்றினாய். அதைக் காணிக்கைப் பையில் போட வைத்ததும் நான்தான். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து, என் மகள் கீழ்ப்படிந்தாள் என்று பத்து நிமிஷம் சொன்னேன், சபையே ஸ்தோத்திரம் சொன்னது. விட்டது நீ, சாட்சி எனக்கு. உன் அம்மா பத்து நாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை, ஏன் என்று கேட்கிற புத்திகூட எனக்கு இல்லை. ஆகையால் மெட்டில்டா மேல் எனக்குக் கோபப்பட இடமில்லை, இந்தப் பாடத்தை உனக்கு முதலில் எடுத்தவன் நான். மன்னித்துக்கொள் என்று இதற்கு முன் கேட்டதில்லை, கேட்கிறேன்.

அதே வருஷம்தான் நீ என் வண்டியில் ஏற மாட்டேன் என்று ஸ்கூலுக்கு நடந்துபோனாய், நான் உன் பையை முன்னால் மாட்டிக்கொண்டு முதல் கியரில் பின்னாலேயே வந்தேன், தெருவே பார்த்துச் சிரித்தது. நீ பேச்சைக் கேட்டாய் என்று நான் பையைத் தூக்கவில்லை ஜெரு. அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது, இரட்சிப்பைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்புறம் நீயே ஒருநாள் வண்டியில் ஏறினாய், அதுவும் யாரும் சொல்லி ஏறவில்லை.

இப்போது ஒரு கசப்பான கேள்வி, நான்தான் கேட்க வேண்டும், அம்மா கேட்க மாட்டாள். மருந்தியல் பேப்பர் உனக்கு இரண்டு தடவை போயிற்று, மூன்றாவது தடவை மே மாதம். நீ விடப்போவது படிப்பையா, அந்தப் பேப்பரையா? விடுவது எல்லாம் சிலுவை ஆகாது, சில சமயம் விடுவதுதான் சுலபமான வழி. டிசம்பரில் வந்தபோது, வார்டில் வாய் கோணின ஒரு பெரியவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட ஒன்றேகால் மணி நேரம் ஆகும், துப்பிவிடுவார், மறுபடியும் ஊட்டுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதை எந்தக் குரூப்பில் போட்டாய்? உண்மையிலேயே தேவன் உன்னை ஊழியத்துக்கு அழைத்திருந்தால் நான் யார் தடுக்க. அழைத்தது அவரா, பயமா என்று மட்டும் பார்.

கையெழுத்துப் போடக் கூடாது என்றுதான் மூன்று நாள் இருந்தேன். போடாவிட்டால் நீ படிப்பை விடாமல் நிற்பாய், எனக்குத் தெரியும், நீ அப்படி வளர்ந்தவள். ஆனால் அப்போதும் என் பேச்சுக்குக் கீழ்ப்படிந்த பதின்மூன்று வயது ஜெரூஷாதான் எனக்குக் கிடைப்பாள், இருபது வயதுக்காரி கிடைக்க மாட்டாள். நேரில் வரலாம் என்று டிக்கெட்கூடப் பார்த்தேன், வந்தால் வாதாடுவேன், ஜெயித்துவிடுவேன், அதனால் வரவில்லை.

தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உனக்குத் தெளிந்த புத்தி தருவாராக. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, இது கட்டளை இல்லை, கெஞ்சல். நான் இனி செய்யப்போவது இவ்வளவு:

1. ஒன்பது மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் இதை ஸ்பீட் போஸ்டில் போடுவேன். படிவமும் கவருக்குள் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். சம்மதம் இல்லை, இருந்தும் போட்டேன்.

2. மெட்டில்டாவுக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், நல்ல கடிதம், கிழித்துவிடுவேன்.

3. 16ஆம் தேதி வரை போன் செய்ய மாட்டேன். உன் அம்மா செய்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

4. உன் அறையில் அடைத்து வைத்திருக்கும் என் டூல் பெட்டிகளை இன்றைக்கே எடுத்துவிடுவேன். பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும், எழுதாமல் அடுத்த வாரமே வந்தாலும் கட்டில் காலியாக இருக்கும்.

5. படிவத்தில் என் கையெழுத்துக்குக் கீழே, தகப்பனார் / பாதுகாவலர், பொருந்தாததை அடிக்கவும் என்று போட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாக எல்லாப் படிவத்திலும் முதல் வார்த்தையை நானே அடித்துவந்தேன், அது காலேப்பின் இடம் என்று. இதில் நான் எதையும் அடிக்கவில்லை, அடிக்கவும் போவதில்லை. அதை உனக்கு விட்டிருக்கிறேன்.

எலியேசர்